ஏழாம் படுக்கையின் எட்டு நாப்பிகள்

ஸ்மிதாவுக்குப் பிரசவம் ஆன நர்ஸிங் ஹோமில், லிஃப்டில் கால் வைப்பதற்கு முன்பே பால் பவுடர் டின்னைப் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். கோயில் வாசலில் செருப்புக்குக் கொடுக்கிற மாதிரி ஒரு டோக்கன் கொடுப்பார்கள். டிஸ்சார்ஜ் ஆகிப் போகும்போது டோக்கனைக் காட்டி டின்னை மீட்டுக்கொள்ளலாம். அதுவரை டின், புட்டி, நிப்பிள் எதுவும் இரண்டாம் மாடிக்கு ஏறக் கூடாது. கொல்கத்தாவின் ஜாதவ்பூர் வட்டாரத்தில் இந்தக் கண்டிப்புக்காகவே பேர் வாங்கிய இடம் அது. மாடியில் லிஃப்ட் கதவு திறந்ததும் எதிரே ஒரு பலகை நிற்கும்: 'இன்றோடு அறுபத்து மூன்று நாள். ஒரு சொட்டு டின் பால் இல்லை.' எண்ணை மட்டும் தினம் காலையில் அழித்துவிட்டு ஒன்று கூட்டி எழுதுவார்கள்.

எழுதுகிறவள் சுதேஷ்ணாதி; 'தி' என்றால் வங்காளியில் அக்கா. தாய்மார்களுக்குப் பால் கொடுக்கக் கற்றுத்தருவதற்கென்றே சம்பளம் வாங்கும் வங்காளிப் பெண்மணி. நாற்பத்தைந்து வயதிருக்கும். மொடமொடப்பான பருத்திப் புடவை, கழுத்தில் சங்கிலி கோத்துத் தொங்கும் மூக்குக்கண்ணாடி, எந்தக் குழந்தையையும் ஒரே கையில் வாங்கி ஒரே கையில் திருப்பிக் கொடுக்கும் லாவகம். மாடியில் அவள் நடந்து வந்தால், படுத்திருக்கும் தாய்மார்கள் பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்டரைப் பார்த்ததுபோல் நிமிர்ந்து உட்கார்ந்து குழந்தையை மார்போடு சேர்த்துக்கொள்வார்கள்.

அந்த சுதேஷ்ணாதிக்கு ஏழாம் நம்பர் படுக்கை என்றால் தனிப் பிரியம். ஏழாம் நம்பரில் இருந்தவள்தான் ஸ்மிதா.

பிரியத்துக்குக் காரணம் ஸ்மிதாவின் சார்ட். ஒவ்வொரு படுக்கையின் கால்மாட்டிலும் ஒரு பச்சைத் தாள் தொங்கும். எத்தனை மணிக்குப் பால் கொடுத்தது, எந்தப் பக்கம், எத்தனை நிமிஷம், குழந்தை எத்தனை நாப்பி நனைத்தது என்று தாயே எழுதவேண்டும். மற்றப் படுக்கைகளில் அந்தத் தாள் டீக்கறையும் கிறுக்கலுமாகத் தொங்கியது. ஸ்மிதாவோ கார்டன் ரீச்சில் ரயில்வே தலைமை அலுவலகத்தில் புள்ளிவிவரப் பிரிவில் இருப்பவள். எந்த டிவிஷனில் எத்தனை வேகன் ஏற்றினார்கள் என்று தினமும் காலை பத்துக்குள் மேலே அறிக்கை அனுப்புவது அவள் வேலை. காலியாக விட்ட கட்டம் அந்தப் பிரிவில் பெரிய அவமானம். கூட்டலை மூன்று தரம் சரிபார்ப்பாள். மூன்று தரமும் ஒரே விடை வந்தால், எங்கேயோ ஒரே தப்பை மூன்று தரம் செய்திருக்கிறோமோ என்று நான்காவது தரம் பார்ப்பாள். சிசேரியன் ஆன மறுநாளே கணவன் ஷ்யாமிடம் அவள் கேட்டது ஹார்லிக்ஸோ பழமோ இல்லை. ஒரு ஸ்கேல்.

"ஸ்கேலா? எதுக்குடி?"

"கோடு கோணலா இருக்கு ஷ்யாம். அவா ஜெராக்ஸ் எடுக்கறச்சே சாஞ்சு போயிருக்கு."

அவள் நேராகக் கோடு போட்டு, மணி மணியாக எழுதி வைத்திருந்த சார்ட்டை செவ்வாய்க்கிழமையே சுதேஷ்ணாதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். புதன்கிழமை அதை ஜெராக்ஸ் எடுத்து நர்ஸுகள் உட்காரும் மேஜைக்குப் பின்னால் ஒட்டினாள். இன்னொரு பிரதி, தாய்மார்களுக்கு அவள் பாடம் நடத்தும் வகுப்பறைக்குப் போயிற்று. 'இப்படித்தான் இருக்கவேண்டும்' என்று மேலே வங்காளியில் சிவப்பு மையில் எழுதியிருந்தது. பிள்ளை பெற்ற நாளிலிருந்து எதைச் செய்தாலும் சரியாகச் செய்கிறோமா என்று உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்த ஸ்மிதாவுக்கு, உலகத்தில் யாரோ ஒருவர் அவள் தாய்மைக்குப் போட்ட முதல் மார்க் அது. கழிப்பறைக்குப் போகிற சாக்கில் அந்த வழியாக இரண்டு தரம் நடந்து, ஒட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு வந்தாள்.

குழந்தைக்கு மட்டும் அந்தச் சார்ட்டின் பெருமை தெரியவில்லை. அது அழுதது. செவ்வாய்க்கிழமை கொஞ்சம், புதன்கிழமை நிறைய, வியாழக்கிழமை காலையில் தொண்டை கட்டிக்கொண்டு பூனைக்குட்டி மாதிரி. மார்பில் வைத்தால் நாலு இழு இழுக்கும், விட்டுவிட்டுக் கத்தும், களைத்துத் தூங்கும், பத்து நிமிஷத்தில் மறுபடி எழும்.

வியாழக்கிழமை காலை எட்டரைக்கு எடை போட்டார்கள். திங்கட்கிழமை பிறந்தபோது இரண்டு கிலோ தொள்ளாயிரம். இப்போது இரண்டு கிலோ அறுநூற்று நாற்பது. குழந்தை டாக்டர் ஹால்தார், அதிகம் பேசாத மனிதர், ஃபைலில் எழுதிக்கொண்டே சொன்னார்: "பிறந்த எடையில பத்து சதவீதம் வரைக்கும் பொறுத்துக்கலாம். சாயந்திரம் நாலு மணிக்கு இன்னொரு தரம் போடறோம். அறுநூத்திப் பத்துக்குக் கீழே போனா குழந்தை கீழே நர்ஸரிக்கு. டிரிப்ஸ் ஏத்தணும்." பிறகு பச்சைத் தாளைப் புரட்டி, "நேத்திக்கு எட்டு நாப்பியா? அப்படின்னா பால் போதுமே" என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு அடுத்த படுக்கைக்குப் போனார்.

கீழே நர்ஸரி என்றால் தரைத்தளம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குழந்தை, இந்தப் பக்கம் தாய். ஸ்மிதா மனக்கணக்காகவே போட்டுப் பார்த்தாள். இன்னும் முப்பது கிராம். ஒரு முறுக்கின் எடை.

ஒன்பது மணிக்கு சுதேஷ்ணாதி வந்தபோது மெல்லக் கேட்டாள்.

"தி, ஒரு வேளை, ஒரே ஒரு வேளை, கொஞ்சம் பவுடர் பால் கொடுத்துப் பார்க்கலாமா? எனக்குப் பால் இறங்கலையோன்னு தோணறது."

சுதேஷ்ணாதி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட ஸ்மிதா சமாளித்திருப்பாள். அவள் சிரித்துக்கொண்டே படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து ஸ்மிதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீயா கேக்கறே? என்னோட ஏழாம் நம்பரா? இதோ உன் சார்ட்டைப் பாரு. மூணாம் நாளே எட்டு நாப்பி. மூணு நனைச்சாலே நான் சந்தோஷப்படுவேன். உள்ளே போகாம வெளியே எப்படி வரும், சொல்லு. குழந்தை பசிக்கு அழலை, ஷோனா, என் தங்கமே, மடிக்கு அழறது. எடை மெஷின் அப்படி இப்படித்தான் இருக்கும். உனக்கு உன் மேலே நம்பிக்கை இல்லை, அதான் வியாதி."

அந்தக் கடைசி வாக்கியம் ஸ்மிதாவை அப்படியே உட்காரவைத்துவிட்டது. அவளுக்கு அவள் மேல் நம்பிக்கை இல்லை என்பது உலகறிந்த விஷயம். மூன்று நாள் பழக்கத்தில் இந்த அம்மாளும் கண்டுபிடித்துவிட்டாள்.

"ஆனாலும் உன் இஷ்டம்" என்று சுதேஷ்ணாதி பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தாள். "டின் பால் வேணும்னா இதுல கையெழுத்துப் போடணும். நானா தடுக்கமாட்டேன்."

ஒன்பது வாக்கியங்கள். ஒவ்வொன்றும் 'நான்' என்று ஆரம்பித்தது. டின் பாலால் என் குழந்தைக்கு வரக்கூடிய தீமைகளை நான் அறிவேன். அதற்கு நானே பொறுப்பு. ஐந்தாவது வரைக்கும் ஸ்மிதா பல்லைக் கடித்துக்கொண்டு படித்தாள். ஆறாவது: 'தாய்ப்பால் கொடுக்க நான் போதுமான அளவு முயன்று பார்த்துவிட்டேன்.'

"போதுமான அளவுன்னா எத்தனை, தி?"

"அது தாய்க்குத்தானே தெரியும்" என்றாள் சுதேஷ்ணாதி.

தாய்க்குத் தெரியவில்லை. ஸ்மிதா படிவத்தை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, குழந்தையை மறுபடி மார்பில் வைத்துக்கொண்டாள். மணி ஒன்பது இருபது. பச்சைத் தாளில் எழுதிக்கொண்டாள்.

பதினொரு மணி அப்பாக்கள் வரும் நேரம். லேக் மார்க்கெட்டில் குடும்பத்தின் இட்லிக் கடையைப் பார்த்துக்கொள்ளும் ஷ்யாம், காலை வியாபாரத்தை முடித்துவிட்டு சாம்பார் வாசனையோடு வந்தான். ஒரு கையில் வடைப் பொட்டலம். இன்னொரு கையில் வெறும் டோக்கன்.

"இருபத்து மூணாம் நம்பர்" என்று அதை ஸ்மிதாவின் முன் ஆட்டினான். "தோசைப் பார்சலுக்கு நடுவுல வெச்சு, மேலே சட்னி, சுத்தி வாழையிலை. யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன். அந்த வாசல்கார தர்வான் மோந்து பாத்து, குலுக்கிப் பாத்துட்டு, தோசை ஏன் கிலுகிலுங்கறதுன்னு கேக்கறான்."

"யாரு உன்னை டின் வாங்கச் சொன்னா?"

"நீ காலம்பற போன்ல பேசின குரல்தான் சொல்லித்து. எங்க கடைக்கு தினம் நாப்பது லிட்டர் பால் வரது ஸ்மிதா. ஊரெல்லாம் காபி குடிக்கறது. என் பொண்ணுக்கு ஒரு அவுன்ஸ் கெடைக்கலைன்னா நான் எந்த மூஞ்சிய வெச்சுண்டு கல்லாவுல உக்காரறது?"

ஸ்மிதாவுக்குச் சிரிப்பு வந்தது. தையல் இழுத்தது. சிரிக்கவைக்காதே என்று கையைக் காட்டினாள்.

"தி சொல்றா, பால் போதும்ங்கறா. சார்ட்டைப் பாத்தா எனக்கே அப்படித்தான் தோணறது. எட்டு நாப்பி. நான் சும்மா பயந்துக்கறேனோ என்னமோ."

ஷ்யாமுக்குச் சார்ட் புரியாது. கடைக்காரனுக்குப் புரிவதெல்லாம் சரக்கு. ஒரு நாளைக்கு எட்டு நாப்பி என்றதும் அவன் மனம் அந்த வழியாகத்தான் ஓடியது. அறையின் மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்து பாக்கு நறுக்கிக்கொண்டிருந்த மாலதி மாசியின் பக்கம் திரும்பினான். கொல்கத்தா நர்ஸிங் ஹோம்களில் நோயாளிக்கு ஒத்தாசையாகப் பகலுக்கு ஒரு ஆயா, இரவுக்கு ஒரு ஆயா வைத்துக்கொள்வது வழக்கம். பகல் ஆயா மாலதி மாசி; மாசி என்றால் சித்தி. ஸ்மிதாவால் குனிய முடியாததால் குழந்தைக்குத் துணி மாற்றுவது, கழுவுவது, துவைப்பது எல்லாம் அவள் பொறுப்பு.

"மாசி, நாப்பி பத்தறதா? ஒரு டஜன்தானே குடுத்தேன். இன்னொரு டஜன் வாங்கிண்டு வரட்டுமா?" என்று வங்காளியில் கேட்டான்.

"எதுக்கு தாதா வீண் செலவு?" என்றாள் மாசி. வங்காளியில் தாதா என்றால் அண்ணன், பௌதி என்றால் அண்ணி. தன் கைச்சிக்கனத்தை யாரோ விசாரிக்க மாட்டார்களா என்று காத்திருந்தவள் மாதிரி இருந்தது அவள் குரல். "நேத்திக்குக் காலையிலேருந்து ரெண்டே ரெண்டுதான் துவைச்சிருக்கேன். மீதியெல்லாம் காஞ்சபடியே இருக்கு. உதறி மடிச்சுத் திரும்ப அலமாரியில வெச்சுட்டேன். ராத்திரிக்காரியும் ஒண்ணும் துவைக்கலை, வாளி காஞ்சு கிடந்தது. இன்னைக்கு சோப்பையே தொடலை நான்."

ஸ்மிதா தலையணையிலிருந்து நிமிர்ந்தாள்.

"காஞ்சபடியேவா?" என்றாள் ஸ்மிதா.

"ஆமா பௌதி. நீங்க மூணு மணிக்கு ஒரு தரம், மாசி நாப்பி மாத்துன்னு சொல்றீங்க. நானும் மாத்தறேன். காஞ்சதை எடுத்துட்டுக் காஞ்சதைக் கட்டறேன். மெட்ராஸ்காரங்க சுத்தம் அதிகம் பாப்பாங்கன்னு நெனச்சேன். நான் எதுக்கு கேக்கணும்?"

ஸ்மிதா பச்சைத் தாளைப் பார்த்தாள். ஆறு, ஒன்பது, பன்னிரண்டு, மூன்று. கடிகாரம் வைத்த மாதிரி எட்டுக் கட்டங்களில் எட்டு டிக். முதல் நாளே தான் போட்ட ஏற்பாடு அது: குழந்தை நனைத்ததா என்று ஒவ்வொரு தரமும் மாசியை எழுப்பிப் பார்க்கச் சொல்வதைவிட, மூன்று மணிக்கு ஒரு முறை மாற்றிவிட்டால் ஈரத்தில் கிடக்காது. மாற்றியதும் டிக். மாற்றினால் நனைந்திருக்கத்தானே வேண்டும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். நனைந்ததா என்று தொட்டுப் பார்க்கவேண்டும் என்று ஒரு முறைகூடத் தோன்றவில்லை. மூன்று ஷிஃப்ட் நர்ஸுகளும் அந்த அழகான கோடுகளைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். டாக்டர் ஹால்தார் அதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

எட்டு இல்லை. இரண்டு. இன்றைக்கு இதுவரை ஒன்றும் இல்லை.

"ஷ்யாம்" என்றாள். "நான் பொய்க் கணக்கு எழுதியிருக்கேன்."

"தெரியாமத்தானே எழுதினே. அந்தத் தாளைக் கிழிச்சுப் போடு. வேற ஒண்ணு எழுதிடு."

"அது செவுத்துல ஒட்டியிருக்கு. கிளாஸ்லயும் ஒட்டியிருக்கு." கட்டில் ஓரத்துக்கு நகர்ந்தாள். "எங்க ஆபீஸ்ல தப்பான ஃபிகர் மேலே போயிடுத்துன்னா கிழிக்கக் கூடாது. திருத்தி, கையெழுத்துப் போட்டு, நாமளே எடுத்துண்டு போய்க் குடுக்கணும். கை குடு. எழுந்திருக்கணும்."

"இரு, நான் போய்ச் சொல்றேன். உனக்கு நடக்க..."

"நீ போனா, அப்பாக்கள் எல்லாம் இப்படித்தான் பயப்படுவான்னு சொல்லி டீ குடுத்து அனுப்பிடுவா."

அது உண்மைதான் என்பதால் ஷ்யாம் கையைக் கொடுத்தான்.

ஸ்கேலை வைத்து ஆறு டிக்குகளின் மேல் ஒற்றைக் கோடு போட்டாள். அடித்தது தெரியவேண்டும், அடியில் இருப்பதும் படிக்கக் கிடைக்கவேண்டும். அப்படித்தான் அவளுக்குப் பழக்கம். பக்கத்தில் 2 என்று எழுதிச் சுருக்கொப்பம் இட்டாள். வியாழக்கிழமை கட்டங்களில் பூஜ்யம் போட்டாள். பிறகு ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் தாளோடு, தாழ்வாரத்தின் கோடியிலிருந்த வகுப்பறையை நோக்கி நடந்தாள். பின்னால் குழந்தையோடு மாசி, அவளுக்குப் பின்னால் வடைப் பொட்டலத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதையும் தூக்கிக்கொண்டு ஷ்யாம்.

பதினோரு மணி வகுப்பு முழு மும்முரத்தில் இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆறு தாய்மார்கள். சுதேஷ்ணாதி ஒரு துணிப் பொம்மையைக் கக்கத்தில் இடுக்கி, குழந்தையின் வாய் எவ்வளவு அகலம் திறக்கவேண்டும் என்று தன் வாயைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தாள். சுவரில் ஸ்மிதாவின் சார்ட்.

"அட, பாருங்க யார் வந்திருக்காங்கன்னு" என்றாள். "ஏழாம் நம்பரே வந்துட்டா. நீயே சொல்லு ஷோனா, எப்படி இவ்வளவு அழகா எழுதறே?"

ஆறு முகங்கள் திரும்பின. அவர்களில் ஒருத்தி மடியில் பச்சைத் தாளும் ஸ்கேலும் வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் ஸ்மிதா வாசலிலேயே நின்றாள். திரும்பிப் போய்விடலாம். சுதேஷ்ணாதியைத் தனியாகப் பிறகு பார்த்துச் சொல்லலாம். ஆனால் பிறகு என்றால் எப்போது? நாலு மணிக்கு எடை. மாசியின் கையில் குழந்தை அழவில்லை. அழாமல் இருந்ததுதான் இப்போது பயமாக இருந்தது.

"அந்தச் சார்ட் தப்பு, தி" என்றாள். "எட்டு நாப்பி இல்லை. ரெண்டு. நான் மணியைப் பாத்து மாத்தச் சொன்னேன். நனைஞ்சுதான்னு பாக்கலை. இன்னைக்கு ஒண்ணுகூட இல்லை. திருத்தி எழுதியிருக்கேன்."

தாளை நீட்டினாள். சுதேஷ்ணாதி வாங்கவில்லை.

"ரெண்டா? அப்புறம் ஏன் எட்டுன்னு எழுதினே? மூணு நர்ஸ் கையெழுத்துப் போட்டிருக்காங்களே."

"அவங்க என் கோட்டைப் பாத்துக் கையெழுத்துப் போட்டாங்க, தி. நீங்களும்தான்."

இதைச் சொன்னது தானா என்று ஸ்மிதாவுக்கே சந்தேகமாக இருந்தது. பின்னால் ஷ்யாம் மெல்லக் கனைத்தான். ஆறு தாய்மார்களும், நாடகத்தில் சுவாரசியமான இடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள்போல் இமைக்காமல் பார்த்தார்கள்.

சுதேஷ்ணாதி துணிப் பொம்மையை நாற்காலியில் போட்டுவிட்டு, மாசியிடமிருந்து குழந்தையை ஒரே கையில் வாங்கினாள். உதட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள். உள்ளே நாக்கைத் தொட்டாள். நாப்பிக்குள் கை விட்டாள். எங்கேயும் ஈரம் இல்லை. கண்ணாடியைக் கழற்றினாள்.

"ஹால்தார் பாபுவைக் கூப்பிடு" என்றாள் வாசலில் நின்ற நர்ஸிடம். குரல் வேறாக இருந்தது.

டாக்டர் வந்தார், பார்த்தார், அடித்துத் திருத்திய தாளையும் படித்தார். "முதல்லயே இப்படி எழுதியிருந்தா காலையிலேயே சொல்லியிருப்பேன்" என்றார். "ஒவ்வொரு தரமும் முதல்ல மார்பு. அப்புறம் முப்பது மில்லி ஃபார்முலா. உனக்குப் பால் நல்லா இறங்கறவரைக்கும். ரெண்டு நாளோ மூணு நாளோ. சிசேரியன்ல சில பேருக்கு லேட் ஆகும். இதுல ஒண்ணும் இல்லை." இவ்வளவு பேசியதே அதிகம் என்பதுபோல் போய்விட்டார்.

ஒண்ணும் இல்லை என்று அவர் சொன்ன விஷயத்துக்குத்தான் அங்கே ஒன்பது வாக்கியப் படிவம் இருந்தது. ஸ்மிதா தலையணைக்கு அடியிலிருந்து அதைக் கொண்டுவரச் சொன்னாள். ஆறாவது வாக்கியத்தில் 'போதுமான அளவு' என்பதன் மேல் ஒற்றைக் கோடு போட்டு, 'மூன்று நாளில் முப்பத்தோரு முறை' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். முப்பத்தொன்று சரியான கணக்கு. சார்ட்டில் பால் கொடுத்த நேரம் எழுதும் பத்தியை மட்டும் அவள் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தாள்.

சுதேஷ்ணாதி அதை வாங்கிப் படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். ஸ்டோர் அலமாரியைத் திறக்கச் சாவி தேட ஐந்து நிமிஷம் ஆயிற்று. உள்ளே இருந்தது ஒரே டின். அதன் தேதி போன மாதமே முடிந்திருந்தது. அறுபத்து மூன்று நாளாக யாரும் அலமாரியைத் திறக்கவில்லை.

"கீழே எங்க டின் இருக்கு" என்று ஷ்யாம் டோக்கனை நீட்டினான். "இன்னிக்கு வாங்கினது. தேதியெல்லாம் சரியா இருக்கும். கொஞ்சம் சட்னி வாசனை வேணா வரும்."

அவனும் சுதேஷ்ணாதியும் கீழே போனார்கள்; ஸ்மிதா படுக்கைக்குத் திரும்பினாள். பத்து நிமிஷம் கழித்து ஷ்யாம் முதலில் ஓடி வந்தான். சிரிப்பை அடக்கியதில் முகம் சிவந்திருந்தது.

"தர்வான் விடமாட்டேங்கறான் ஸ்மிதா. திகிட்டேயே சொல்றான், மேடம், டின் மேலே போகக் கூடாதுன்னு ஆர்டர்ங்கறான். யார் போட்ட ஆர்டர்ன்னு இவ கேக்கறா. நீங்கதான் மேடம்ங்கறான். நான்தானே போட்டேன், நானே எடுக்கறேன்ங்கறா. அப்ப எழுதிக் குடுங்கங்கறான். ஒரு காகிதத்துல எழுதிக் குடுத்தா. அதை ரெண்டு தரம் படிச்சுட்டு, தேதி போடலைன்னுட்டான்."

"போட்டாளா?"

"போட்டா. டயமும் போடச் சொன்னான். எனக்கு அவனை ரொம்பப் பிடிச்சுப் போச்சு. கடையில கேஷ் கவுண்டருக்கு கேக்கலாமான்னு இருக்கேன்."

சுதேஷ்ணாதி டின்னோடு வந்தாள். வெந்நீரை ஆறவைத்து, அளந்து, கலந்தாள். புட்டி கிடையாது, அந்த ஒரு விஷயத்தில் அவள் இறங்கி வரவில்லை. மாசி எங்கிருந்தோ ஒரு வெள்ளிக் கிண்ணமும் சிப்பி வடிவத்தில் ஒரு சின்னக் கரண்டியும் கொண்டுவந்தாள். ஜினுக் என்றாள். எங்க ஊரில் பாலாடை என்றான் ஷ்யாம். சுதேஷ்ணாதியே குழந்தையை மடியில் சாய்த்துவைத்துக்கொண்டு, கீழுதட்டின் ஓரமாகச் சிறிது சிறிதாக விட்டாள். முதல் வாய் வழிந்தது. இரண்டாவது வாயை யோசித்தது. மூன்றாவதிலிருந்து கரண்டி வருவதற்கு முன்பே வாய் வந்தது. கிண்ணம் காலியானதும் குழந்தை கண்ணைத் திறந்து, இவ்வளவுதானா என்கிற மாதிரி எல்லாரையும் பார்த்தது. பிறகு முஷ்டியை விரித்துக்கொண்டு தூங்கிவிட்டது. நான்கு நாளில் அது கை விரித்துத் தூங்கி ஸ்மிதா பார்த்ததே இல்லை.

அவளுக்கு அழுகை வந்தது. அழ வெட்கமாக இருந்ததால் வடையை எடுத்துக் கடித்தாள்.

"அடுத்த மாசம் இன்ஸ்பெக்ஷன்" என்றாள் சுதேஷ்ணாதி, யாரையும் பார்க்காமல். "தொண்ணூறு நாள் டின் பால் இல்லாம இருந்தா சர்ட்டிஃபிகேட் தருவாங்க. தினம் காலையில அந்த நம்பரை ஏத்தி எழுதறப்போ ஒரு சந்தோஷம். அதான்." குழந்தையின் காலைத் தடவிக்கொடுத்தாள். "நான் கையை விட்டுப் பாத்திருக்கணும். பதினெட்டு வருஷம் வேலை பாத்துட்டு, தாளைப் பாத்தேன்."

"நான்தான், தி, தப்பா..."

"நீ தப்பா எழுதினே. உன் வயித்துல தையல், குனிஞ்சு பாக்க முடியாது. என் வயித்துல என்ன இருந்தது?"

சட்டென்று எழுந்து குழந்தையை ஸ்மிதாவிடம் கொடுத்துவிட்டு வெளியே போனாள். தாழ்வாரத்தில் அவள் குரல் ஒவ்வொரு படுக்கையாக நகர்வது கேட்டது. நாலாம் நம்பர், தாளை வெச்சுக்கோ, நாப்பியைக் காட்டு. இல்லை, சொல்லாதே, காட்டு. பதினொண்ணு, ஸ்கேலை அந்தப் பக்கம் வை.

இரண்டரை மணிக்கு முதலில் மார்பு, பிறகு இன்னொரு முப்பது. மூன்று மணிக்கு நாப்பியைக் கழற்றிவிட்டு மாசியும் ஷ்யாமும் குழந்தையின் இரண்டு பக்கமும் காவல் உட்கார்ந்தார்கள். அப்பாக்களின் நேரம் எப்போதோ முடிந்திருந்தது. யாரும் அவனைக் கிளம்பச் சொல்லவில்லை. மூன்று இருபதுக்கு மாசி கை தட்டினாள். ஷ்யாமின் சட்டைக் கை முழங்கை வரை நனைந்திருந்தது. அதை அவன் மடித்துவிடாமல் அடுத்த அறைக்காரர்களிடம் காட்டிவிட்டு வந்தான்.

நாலு மணிக்கு நர்ஸ் எடை போட்டாள். ஸ்மிதா கண்ணை மூடிக்கொண்டாள். "ரெண்டு அறுநூத்தி அம்பத்தஞ்சு" என்று கேட்டது. இன்னொரு தரம் போடச் சொன்னாள். அதேதான். மூன்றாவது தரம் போடச் சொல்லலாம் என்று தோன்றியது. சொல்லவில்லை.

ஐந்து மணிக்குச் சற்று முன்னால் சுதேஷ்ணாதி கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

"மார்பு ஆச்சா?"

"ஆச்சு, தி. பதினஞ்சு நிமிஷம். அப்புறம் தூங்கிட்டா, எழுப்பினேன்." ஸ்மிதா குழந்தையை நிமிர்த்திப் பிடித்தாள். காலையில் ஒரு வேளைப் பாலுக்குத் தான் எவ்வளவு கெஞ்சினோம் என்று அவளுக்கு நினைவிருந்தது. இப்போது குரலில் கெஞ்சல் இல்லை. "முப்பது வேணும்."

சுதேஷ்ணாதி குழந்தையைப் பார்த்தாள். குழந்தை கிண்ணத்தைப் பார்த்தது.

"முப்பத்தஞ்சு கலக்கறேன்" என்றாள் சுதேஷ்ணாதி. "நான் என்னமோ இவ சொத்தைத் திருடிட்ட மாதிரி முறைக்கறா."